படுகையும் பட்டாவும்: ஒரு நிலக்கரி வட்டாரத்தைப் படிப்பது எப்படி

ஜார்க்கண்டின் ஜாரியாவையும் தெலங்கானாவின் கோதாவரிகனியையும் செயற்கைக்கோள் படத்தில் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் தரைக்குக் கீழே இருப்பது ஏறக்குறைய ஒரே காலத்து நிலக்கரி. கோண்டுவானா நிலக்கரி என்பார்கள், 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழசு. ஆனால் தரைக்கு மேலே தெரிகிற காட்சி வேறு வேறு. ஜாரியா ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கும்: ஒரு குழி, அதை ஒட்டி ஒரு குடியிருப்பு, ஒரு மண்மேடு, ஒரு ரயில் பாதை, மறுபடி ஒரு குழி. கோதாவரிப் பக்கமோ, பள்ளத்தாக்கின் போக்கிலேயே வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, சுமார் 350 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்க ஊர்கள் வரிசை கட்டி நிற்கும். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கேட்கப் பழகிவிட்டால் எந்த நிலக்கரி வட்டாரத்தையும் நீங்களே படித்துவிடலாம். அதற்கு நான் பின்பற்றுகிற வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிலக்கரி இருக்கும் இடத்தில்தான் சுரங்கம் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதி உண்மைதான். எங்கே தோண்ட முடியும், எப்படித் தோண்ட முடியும் என்பதைப் பாறை சொல்கிறது. அதில் எதைத் தோண்டுவது, எதை விட்டுவைப்பது, ஒரே அடுக்கை எத்தனை துண்டாக நறுக்குவது என்பதெல்லாம் நிலத்தடி உரிமை யார் கையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. அதனால் இரண்டு வரைபடம் வேண்டும். ஒன்று பாறையுடையது, இன்னொன்று பட்டாவுடையது. முதலில் பாறை, அப்புறம் பட்டா. வரிசையை மாற்றினால், கம்பெனியின் கெட்டிக்காரத்தனம் என்று நாம் நினைப்பது பல நேரம் அடுக்கின் தடிமனாக இருந்துவிடும்.

கையில் என்ன வேண்டும்? இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் தளத்தில் பாறை வரைபடத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். ஒரு செயற்கைக்கோள் படம், சர்வே ஆஃப் இந்தியாவின் டோபோ ஷீட், அந்த வட்டாரக் கம்பெனியின் ஆண்டறிக்கை, நிலக்கரி அமைச்சகம் வெளியிடுகிற பிளாக் (சுரங்க உரிமைக்காகக் கோடு போட்டுப் பிரித்த நிலப்பகுதி) விவரங்கள். ஆரம்பிக்க இவ்வளவு போதும்.

பாறையிலிருந்து ஆரம்பியுங்கள்

வரைபடத்தில் முதலில் படுகையின், அதாவது கரியடுக்குகள் படிந்து கிடக்கும் பள்ளத்தின், உருவத்தைத் தேடுங்கள். இந்தியாவின் கோண்டுவானா நிலக்கரி தாமோதர், சோன், மகாநதி, கோதாவரிப் பள்ளத்தாக்குகளில் இருப்பது தற்செயல் அல்ல. நிலம் பிளந்து நடுப்பகுதி கீழே இறங்கிய பள்ளங்கள் அவை. இறங்கியதால்தான் கரியடுக்கு அரிப்பிலிருந்து தப்பியது, இறங்காத பக்கங்களில் இருந்தது எப்போதோ அடித்துச் செல்லப்பட்டுவிட்டது. ஆக, நாட்டு வரைபடத்தில் நிலக்கரி நீள நீளமான பட்டைகளாகக் கிடப்பதற்குக் காரணம் அந்தப் பிளவுகள்தான்.

அடுத்து நிறங்கள். தாமோதர் பள்ளத்தாக்கில் அடியிலிருந்து மேலே போனால் தால்ச்சீர், பராக்கர், அதற்கு மேலே கரியில்லாத ஒரு தொகுதி, அதற்கு மேலே ராணிகஞ்ச் என்று பாறைத் தொகுதிகள் வரும். நாட்டின் கோண்டுவானா கரியில் பெரும்பகுதி பராக்கரில்தான். பராக்கர் எந்த நிறம் என்று பார்த்துக்கொண்டு அந்தப் பட்டை எங்கே தரையில் தலைகாட்டுகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போனால், பழைய சுரங்கங்கள் பல அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். முதலில் வந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் கைவைத்தார்கள். பிறகு அடுக்கு எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமாக, தலைமுறைக்குத் தலைமுறை ஆழமாகப் போனார்கள். கோதாவரிகனியில் சரிவுப் பாதை போட்டு இறங்கிய பழைய சுரங்கங்கள் மேல்பக்கம் இருக்கின்றன. அவற்றில் பத்தாம் நம்பர் சுரங்கத்தின் சரிவுப் பக்கத்து நீட்சியாகத்தான் பிற்காலத்து அட்ரியாலா வந்தது, இயந்திரம் வைத்து நீண்ட முகப்பாக வெட்டும் ஆழ்சுரங்கம். அந்த ஊரில் 8 இன்க்லைன் காலனி என்று ஒரு குடியிருப்பே உண்டு. இன்க்லைன் என்றால் அடுக்கின் சரிவோடு இறங்கும் பாதை. ஊர்ப் பெயரில் இன்க்லைன் இருந்தால், கரி அங்கே தரைக்கு அருகில் சாய்ந்து கிடந்தது என்று எழுதி வைத்த மாதிரிதான். ஜாரியா, ராணிகஞ்ச் பக்கம் பழைய ஆட்கள் செங்குத்துக் குழியைச் சானக் என்பார்கள். அங்கே கரி ஆழத்தில்.

இனி ஒரு சின்னக் கணக்கு. இதைச் செய்யாமல் மேலே போகவே கூடாது. ஒரு டன் கரி எடுக்க எத்தனை கன மீட்டர் மேல்மண்ணை அப்புறப்படுத்த வேண்டும்? தரையிலிருந்து 60 மீட்டர் மேல்மண், அதன் கீழே 20 மீட்டர் தடிமனில் அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் தரைக்குக் கீழே 60 கன மீட்டர் மண்ணும், கரியின் எடை கன மீட்டருக்கு சுமார் ஒன்றரை டன் என்றால் 30 டன் கரியும் இருக்கும். டன்னுக்கு 2 கன மீட்டர், கண்ணை மூடிக்கொண்டு திறந்தவெளிச் சுரங்கம் போடலாம். அதே 60 மீட்டருக்குக் கீழே அடுக்கு 2 மீட்டர்தான் என்றால் கரி 3 டன், விகிதம் 20. யாரும் மேலிருந்து தோண்ட மாட்டார்கள். ஒன்று உள்ளே நுழைந்து எடுக்க வேண்டும், இல்லை விட்டுவிட வேண்டும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியப் பிரதேச, உத்தரப் பிரதேச எல்லையில் இருக்கும் சிங்ரௌலியைப் பாருங்கள். அங்கே ஜிங்குர்தா அடுக்கு 130 மீட்டருக்கும் மேல் தடிமன், நாற்பது மாடிக் கட்டிடத்தின் உயரத்துக்குக் கரி. சத்தீஸ்கரின் கோர்பாவில் கெவ்ரா, குஸ்முண்டா சுரங்கங்களில் அடுக்கு தடிமனாகவும் மேலாகவும் கிடக்கிறது. ஒடிசாவின் தால்ச்சேரிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். இந்த மூன்று இடத்திலும் பெரிய பெரிய குழிகளாகத் தெரிவதற்கு முதல் காரணம் இந்த விகிதம். இன்று ஒன்றிய அரசின் நிலக்கரிக் கம்பெனியான கோல் இந்தியாவின் உற்பத்தியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வருகிறது என்றால் அதற்கும் இதுதான் அடிப்படை.

பிளவுகளையும் பாருங்கள். படுகையைக் காப்பாற்றிய அதே பிளவுகள் சின்ன அளவில் அடுக்கைத் துண்டு துண்டாகவும் வெட்டியிருக்கும், ஒரு பக்கம் பத்து மீட்டர் மேலே, இன்னொரு பக்கம் பத்து மீட்டர் கீழே. பெரிய திறந்தவெளிக் குழிக்கு அது தொந்தரவு மட்டும்தான், ஆனால் நீண்ட முகப்பில் இயந்திரத்தை ஓட்ட வேண்டிய ஆழ்சுரங்கத்துக்கு அது உயிர்ப் பிரச்சினை. இந்தியாவில் அந்த முறை பரவாமல் போனதற்குக் கம்பெனிகளை மட்டுமே குறை சொல்வது சரியில்லை என்பது என் எண்ணம். ராணிகஞ்ச் படுகைக்குக் குறுக்கே சால்மா டைக் என்று ஒரு எரிமலைப் பாறைச் சுவர் ஓடுகிறது. ஜாரியாவிலும் இப்படி உருகிய பாறை அடுக்குக்குள் புகுந்து கரியைச் சுட்டுக் கெடுத்திருக்கிறது. அப்படிச் சுட்ட கரியை அங்கே ஜாமா என்பார்கள். வரைபடத்தில் ஒரு இடம் காரணமில்லாமல் காலியாக இருந்தால், அங்கே ஜாமாவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாகத் தரம். 2012 முதல் நம் நாட்டில் வெப்ப மதிப்பை வைத்து ஜி1 முதல் ஜி17 வரை தரம் பிரிக்கிறார்கள். எஃகு ஆலைக்கு வேண்டிய கோக் கரிக்குத் தனி வரிசை. எஃகுக்கு மிக உகந்த கோக் கரி என்று சொல்லக்கூடியது நாட்டில் ஜாரியாவில்தான். தால்ச்சேர் கரியில் நூற்றுக்கு முப்பத்தைந்து, நாற்பது பங்கு சாம்பல், பெரும்பாலும் மின்நிலையத்துக்குத்தான் போகும். தரம் தெரிந்தால் யார் வாங்குவார்கள் என்று தெரியும், அது தெரிந்தால் அந்த வட்டாரத்துக்குள் எந்தப் பணம் எப்போது வந்தது என்பதை ஊகிக்கலாம்.

இப்போது பட்டா

மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் பக்கம் ஜான் சம்னர், சூட்டோனியஸ் ஹீட்லி என்ற இரண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1774-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். பிறகு 1836-இல் துவாரகநாத் தாகூர் ராணிகஞ்ச் சுரங்கத்தை வாங்கினார், 1843-இல் பெங்கால் கோல் கம்பெனி வந்தது, 1855-இல் ரயில் வந்தது. இதற்கெல்லாம் அடியில் ஒரு விஷயம் இருக்கிறது. 1793-இன் நிரந்தர நிலவரித் திட்டத்தால் வங்காளம், பீகார் ஜமீன்தார்கள் நிலத்தடிக் கனிமத்துக்கும் சொந்தம் கொண்டாடினார்கள். சுரங்கம் போட நினைத்தவர் சர்க்காரிடம் போகவில்லை, ஜமீன்தாரிடம் போய் முன்பணமும் டன்னுக்கு இவ்வளவு ராயல்டியும் பேசிக் குத்தகை எடுத்தார். ஜமீன்தாருக்கு எத்தனை பேருக்குக் கொடுத்தால் அத்தனை முன்பணம். குத்தகைகள் சின்னச் சின்னதாக நறுக்கப்பட்டன.

இப்போது ஜாரியாவுக்கு வாருங்கள். மொத்தப் படுகையே சுமார் 450 சதுர கிலோமீட்டர்தான். 1972 மே 1-ஆம் தேதி கோக் கரிச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியபோது 214 சுரங்கங்கள் அரசின் கைக்கு வந்தன, அவற்றில் பெரும்பகுதி ஜாரியாவில் இருந்தவை. சராசரியாக ஒரு சுரங்கத்துக்கு இரண்டு, மூன்று சதுர கிலோமீட்டர் வந்தாலே அதிகம்.

சின்னக் குத்தகை என்றால் நடைமுறையில் என்ன ஆகும் என்று ஒரு துண்டை எடுத்துக் கிட்டத்தில் பார்ப்போம். 500 மீட்டருக்கு 500 மீட்டர் சதுரம். விதிப்படி உங்கள் எல்லையிலிருந்து ஏழரை மீட்டருக்குள் கரி வெட்டக்கூடாது, பக்கத்துச் சுரங்கத்துக்காரருக்கும் அதே விதி, அதனால் நடுவில் 15 மீட்டர் கரிச் சுவர் நிற்க வேண்டும். உங்கள் சதுரத்தில் மட்டும் நூற்றுக்கு ஆறு பங்கு கரி அந்தச் சுவரில் மாட்டிக்கொள்கிறது. அதைவிட மோசம், அந்தச் சுவரைத் திருடுகிற ஆசை இரண்டு பக்கமும் இருக்கும். உள்ளே கூரையைத் தாங்கத் தூண்கள் விட வேண்டும், தூணும் கரிதான். பெரிய குத்தகைக்காரர் முப்பது வருஷம் கழித்து மணல் நிரப்பி அந்தத் தூண்களை முறையாக எடுக்கத் திட்டம் போடலாம், ஐந்து வருஷக் கணக்கு மட்டும் பார்க்கிறவர் நல்ல அடுக்கை மேலோட்டமாகச் சுரண்டிவிட்டு, தூணைச் செதுக்கி மெலிய வைத்துவிட்டு, மணலும் நிரப்பாமல் போய்விடுவார். மெலிந்த தூண் நொறுங்கும், தரை இறங்கும், விரிசல் வழியாகக் காற்று உள்ளே போகும், கரி தானாகவே சூடாகிப் பற்றிக்கொள்ளும். ஜாரியாவில் தீ முதன்முதலாகப் பதிவானது 1916-இல், இன்னும் அணையவில்லை. அதற்குக் கரியின் குணமும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அடுக்கின் மேல் அடுக்காகத் தடித்த கரி இருக்கிற ஒரு படுகையை இத்தனை துண்டாக நறுக்கி, ஒருவர் குழியில் இன்னொருவருக்குப் பொறுப்பில்லாமல் விட்டதுதான் பெரிய காரணம் என்பேன்.

பழைய வேலைகளின் வரைபடம் சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதே படுகையின் சாஸ்நாலா போதும். 1975 டிசம்பர் 27 அன்று, பழைய குழியில் தேங்கிக் கிடந்த தண்ணீர் சுரங்கத்துக்குள் உடைத்துக்கொண்டு புகுந்து 370 பேருக்கும் மேல் இறந்தார்கள். கைவிட்ட, தண்ணீர் நிறைந்த சுரங்கத்துக்கு 60 மீட்டர் தூரத்துக்குள் அனுமதியில்லாமல் போகக்கூடாது என்ற விதி இருக்கிறது. ஆனால் அந்த 60 மீட்டரை அளக்க, பழைய குழி எங்கே முடிகிறது என்று சரியான வரைபடம் வேண்டுமே.

சரி, ஜாரியாவை இன்று படத்தில் பார்க்கும்போது என்ன தேட வேண்டும்? கோல் இந்தியாவின் கிளையான பாரத் கோக்கிங் கோல் போடுகிற திறந்தவெளிக் குழிகளில் பல, பழைய நிலத்தடிச் சுரங்கங்களின் தலையைத் திறந்து மிச்சத் தூண்களை எடுப்பவை. அதனால்தான் அவை ஒழுங்கில்லாமல், பழைய குத்தகை எல்லைகளின் நிழலிலேயே கிடக்கின்றன. பக்கத்திலேயே ஜாமாடோபாவில் டாடா ஸ்டீலின் சுரங்கங்கள் இருக்கின்றன. எஃகு ஆலைக்குச் சொந்தமானது என்று நாட்டுடைமையிலிருந்து விலக்கப்பட்டவை. அதே படுகை, அதே கரி, ஆனால் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரே கை. அங்கே வாங்குபவரும் வெட்டுபவரும் ஒருவரே என்பதால் மணல் நிரப்பிக்கொண்டு மெதுவாக ஆழத்துக்குப் போக முடிந்தது. இந்த இரண்டையும் ஒரே திரையில் பார்ப்பதைவிட நல்ல பாடம் கிடையாது.

கோதாவரிப் பள்ளத்தாக்கில் சுரங்கம் நடத்தும் கம்பெனியான சிங்கரேணி எப்படி வேறாகப் போனது? 1871-இல் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் வில்லியம் கிங் எல்லந்து அருகே கரியைக் கண்டார். நிஜாமின் ஆட்சியில் நடுவில் பங்கு போட ஜமீன்தார் கூட்டம் இல்லை. 1886-இல் இங்கிலாந்தில் பதிவான ஹைதராபாத் டெக்கான் கம்பெனிக்கு மொத்தமாக உரிமை போனது, 1889-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். 1920-இல் அது சிங்கரேணி காலரீஸ் கம்பெனி ஆனது, 1945-இல் நிஜாம் அரசு பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. ஏற்கெனவே அரசுக் கம்பெனி என்பதால் 1973-இன் நாட்டுடைமை அதைத் தொடவில்லை. இன்று நூற்றுக்கு 51 பங்கு தெலங்கானாவுக்கு, 49 ஒன்றிய அரசுக்கு. ஒரு கம்பெனிக்கு ஒரு பள்ளத்தாக்கு. அடுத்த சுரங்கத்தை எங்கே திறக்கலாம் என்று அடுக்கின் போக்கைப் பார்த்து முடிவு செய்ய முடிந்தது, பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த வரிசை அங்கிருந்து வந்ததுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோதாவரிப் பள்ளத்தாக்கின் அதே பிளவு வடமேற்கே வார்தா பள்ளத்தாக்காக மகாராஷ்டிரத்துக்குள் தொடர்கிறது. சந்திரபூர், பல்லார்ப்பூர் பக்கம் கோல் இந்தியாவின் இன்னொரு கிளையான வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ், பெல்லம்பள்ளி பக்கம் சிங்கரேணி. நடுவில் கரி நிற்கவில்லை, கம்பெனிதான் மாறுகிறது. மாநில எல்லையில் கம்பெனி மாறும் இடங்களை எப்போதும் தனியாகக் குறித்து வையுங்கள். விலை, ஒப்பந்த வேலை எல்லாம் அந்தக் கோட்டின் இரு பக்கமும் வேறாக இருக்கலாம்.

சுரங்கம் மேற்கே நகர்ந்த கதை

1950-இல் வரைபடம் போட்டிருந்தால் இந்தியாவின் நிலக்கரி என்றாலே ராணிகஞ்சும் ஜாரியாவும்தான். சிங்ரௌலியிலும் கோர்பாவிலும் கரி இருப்பது தெரியும், ஆனால் தனியார் ஏன் போக வேண்டும்? வாங்குபவர்கள் ரயில் இன்ஜின்களும் கல்கத்தா சணல் ஆலைகளும், அவர்களுக்கு நல்ல தரம் வேண்டும். தடிமனான மட்டக் கரியைக் காட்டுக்குள் போய்த் தோண்டி, ரயில் பாதையும் தாங்களே போட்டு, யாரிடம் விற்பார்கள்?

1956-இல் ரயில்வேக்குச் சொந்தமாக இருந்த 11 சுரங்கங்களை வைத்துத் தேசிய நிலக்கரி வளர்ச்சிக் கழகம் தொடங்கியது, அந்த அரசுக் கம்பெனிதான் வெளி வட்டாரங்களைத் திறந்தது. 1957-இல் வந்த நிலக்கரி நிலங்கள் கையகப்படுத்தல் சட்டம் அரசுக் கம்பெனிகளுக்குப் பெரிய நிலப்பரப்பை ஒரே வீச்சில் எடுக்க வழி செய்தது. 1973 மே மாதம் கோக் அல்லாத சுரங்கங்களும் நாட்டுடைமை ஆயின, 1975-இல் கோல் இந்தியா வந்தது, எண்பதுகளில் சுரங்கத்தின் வாசலிலேயே அரசு மின்நிறுவனமான என்டிபிசியின் பெரிய மின்நிலையங்கள் எழுந்தன. மட்டக் கரிக்கு இப்போது ஒரு வாங்குபவர் கிடைத்துவிட்டார். தடிமனான அடுக்கு கோடிக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயேதான் கிடந்தது, அதற்கேற்ற உடைமை வந்த பிறகுதான் சுரங்கம் ஆனது.

இதன் விளைவை ஆண்டறிக்கையிலேயே பார்க்கலாம். சிங்ரௌலியின் நார்தர்ன் கோல்ஃபீல்ட்ஸ் பத்துத் திறந்தவெளிச் சுரங்கங்களை வைத்துக்கொண்டு 2023-24-இல் 13 கோடி டன்னுக்கு மேல் எடுத்தது. ராணிகஞ்சை வைத்திருக்கும் ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் பல பத்துச் சுரங்கங்களிலிருந்து 5 கோடி டன்னுக்குக் குறைவாக எடுத்தது. இதைப் பார்த்து ஒருவர் திறமைசாலி, இன்னொருவர் சோம்பேறி என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஒன்று வெள்ளைத் தாளில் போட்ட கோலம், இன்னொன்று இருநூறு வருஷக் கிறுக்கலின் மேல் போட வேண்டிய கோலம்.

நெய்வேலியும் மேகாலயாவும்

இந்த இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பாருங்கள், பாறையும் பட்டாவும் ஒன்றையொன்று எப்படித் தேர்ந்தெடுக்கின்றன என்று புரியும்.

நெய்வேலியில் 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததில் கதை ஆரம்பிக்கிறது. பழுப்பு நிலக்கரி. இதன் எடை குறைவு, கன மீட்டருக்கு சுமார் 1.15 டன்தான்; அடுக்கு பதினைந்து மீட்டர், மேல்மண் தொண்ணூறு மீட்டர் என்று வைத்து நம் கணக்கைப் போட்டால் டன்னுக்கு ஐந்து கன மீட்டருக்கு மேல் வரும். அதுகூடப் பரவாயில்லை. மேலே இருக்கும் கடலூர் மணற்கல் இயந்திரத்தின் பற்களைத் தேய்த்தெடுக்கும். அடுக்குக்குக் கீழே அழுத்தத்தில் நிற்கிற நிலத்தடி நீர் இருக்கிறது, மேலே உள்ள பாரத்தை எடுத்தால் தரையைப் பிளந்துகொண்டு பீறிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்கள் போட்டு இரவு பகலாக இறைத்துக்கொண்டே தோண்ட வேண்டும். எடுத்த கரியில் பாதி எடை ஈரம், அதை ரயிலில் ஏற்றித் தூரமாக அனுப்பினால் தண்ணீருக்குத்தான் கட்டணம் கட்டுவோம், பக்கத்திலேயே எரித்தாக வேண்டும். இப்படிப்பட்ட பாறையில் சின்ன முதலாளி ஒருவரும் கால் வைக்க முடியாது. 1956-இல் அரசு நிறுவனம், 1957-இல் நேரு தொடங்கிவைத்த சுரங்கம், ஜெர்மன் பக்கெட் வீல் இயந்திரங்கள், 1961-இல் கரி வெளிப்பட்டது, 1962-இல் சோவியத் உதவியோடு மின்சாரம். சுரங்கம், கன்வேயர், மின்நிலையம், நகரம் எல்லாம் ஒரே கம்பெனி. கிராமங்கள் மொத்தமாக இடம்பெயர்ந்ததும் அதே காரணத்தால்தான். ஒரே குழி நகர்ந்துகொண்டே போகும், அதன் பாதையில் இருக்கும் எல்லாம் போக வேண்டும். நெய்வேலியைச் சுற்றி நிலம் கொடுத்தவர்களின் கேள்விகள் இன்றும் தீரவில்லை என்பதை இந்த வரைபடத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

மேகாலயாவின் ஜெயந்தியா மலைகளில் அடுக்கு பெரும்பாலும் ஒரு மீட்டர், அதற்கும் குறைவு. கரி கோண்டுவானாவைவிட மிக இளையது, கந்தகம் அதிகம். முப்பது மீட்டர் மேல்மண் என்றால் நம் விகிதம் இருபதைத் தொடும், இல்லை தாண்டும், பெரிய கம்பெனி திரும்பிக்கூடப் பார்க்காது. ஆனால் அங்கே அரசமைப்பின் ஆறாவது அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதியின் வழக்கப்படி நிலமும் அதன் கீழ் இருப்பதும் மக்களுக்கும் குலங்களுக்கும் சொந்தம். சொந்த நிலத்தில் ஒரு செங்குத்துக் குழி, அடியில் அடுக்கின் தடிமனே உயரமாகப் பக்கவாட்டில் எலிவளை. ஆள் நிமிர முடியாது, படுத்து ஊர்ந்து வெட்டி வண்டியில் இழுத்து வர வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் பெரிய குழி எதுவும் இல்லாமல், அம்மைத் தழும்பு போல ஆயிரக்கணக்கான சதுரப் புள்ளிகளும் பக்கத்தில் கறுப்புக் குவியல்களும் தெரிந்தால் அதுதான். 2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018 டிசம்பர் 13 அன்று க்சான் என்ற இடத்தில் ஆற்றுத் தண்ணீர் புகுந்து 15 பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம் கனிமம் நிலத்துக்காரருக்குச் சொந்தம்தான், ஆனால் சுரங்கச் சட்டப்படி அனுமதி வாங்கித்தான் தோண்ட வேண்டும் என்றது. மெல்லிய அடுக்கும் துண்டு நிலமும் சேர்ந்தால் இந்த வடிவம்தான் வரும். இரண்டில் ஒன்று மாறியிருந்தால் அங்கே இப்படிப்பட்ட சுரங்கம் இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

புதிய கோடுகள்

1993-க்குப் பிறகு மின்சாரம், இரும்பு, சிமென்ட் ஆலைகளுக்குச் சொந்தப் பயன்பாட்டுக்கு என்று பிளாக்குகள் ஒதுக்கப்பட்டன. 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றில் 204-ஐ ரத்து செய்தது. 2015-இல் புதுச் சட்டம், 2020-இல் யாருக்கும் விற்கலாம் என்ற வணிகச் சுரங்க ஏலம். இந்தப் பிளாக் வரைபடங்களைப் பார்க்கும்போது எல்லைக் கோடு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். வளைந்து நெளிந்து ஒரு பிளவோடு ஓடினால் அந்தக் கோட்டைப் பாறை போட்டது. ஸ்கேல் வைத்த மாதிரி நேராக ஓடி ஒரே அடுக்கை இரண்டாக அறுத்தால் அது ஆபீஸில் போட்ட கோடு, அந்த இடத்தில் நாளைக்கு மறுபடி ஒரு கரிச் சுவர் மாட்டிக்கொள்ளும்.

2023 மார்ச் இறுதியில் வந்த ஏல அறிவிப்பில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று பழுப்பு நிலக்கரிப் பிளாக்குகள் இருந்ததும், காவிரிப் படுகையில் எழுந்த எதிர்ப்பில் ஏப்ரலில் அவை நீக்கப்பட்டதும் நினைவிருக்கும். பாறை வரைபடத்தில் அங்கே பழுப்புக் கரி உண்டு. தமிழ்நாட்டின் 2020-ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அவற்றில் இரண்டின் மேலே இன்னொரு கோடு போட்டிருந்தது. கரி இருப்பதாலேயே சுரங்கம் வந்துவிடாது என்பதற்கு நமக்கு மிக அருகில் உள்ள உதாரணம் இது.

உரிமை ஒருவரிடம், தோண்டுவது வேறொருவர் என்ற ஏற்பாடும் இப்போது அதிகம். ஒடிசாவின் தலபிராவில் உரிமை நெய்வேலியின் அரசு நிறுவனமான என்எல்சி கையில், தோண்டி எடுத்துக் கொடுப்பது ஒப்பந்த நிறுவனம். ஆண்டறிக்கையில் மேல்மண் அகற்றும் பணியை எத்தனை பங்கு ஒப்பந்தத்துக்கு விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், களத்தில் யாருடைய வேலையாட்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

பாதையைக் கடைசியாகப் பாருங்கள். எண்ணூரில் எரிகிற கரியில் பெரும்பகுதி தால்ச்சேரிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து கப்பலில் வருகிறது. சிங்கரேணி நமக்கு எவ்வளவோ பக்கம். ஆனாலும் அரசு மின்வாரியத்துக்கு எந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம், எந்தக் கரி மலிவு என்பதுதான் இந்தக் கப்பல் பாதையை முடிவு செய்தது.

நேரில் போகிற வாய்ப்பு கிடைத்தால் தட்டையான தலையோடு நிற்கும் குன்றுகளைப் பாருங்கள், அவை மலை இல்லை, கொட்டிய மேல்மண். ஓரம் நேராக வெட்டிய ஏரிகளைப் பாருங்கள், அவை கைவிட்ட குழிகள். அப்புறம் ஜாரியாவை ஒட்டிய தன்பாத் பக்கமாக இருந்தால் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் யாராவது இருந்தால், சம்பளச் சீட்டில் கம்பெனியின் பெயர் எந்த வருஷம் மாறியது என்று கேளுங்கள். எழுபத்திரண்டு என்றால் காலடியில் கோக் கரி, எழுபத்து மூன்று என்றால் சாதாரணக் கரி. மாறவே இல்லை என்று சொன்னால் நீங்கள் டாடாவின் குத்தகை எல்லைக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.